கடைசியா ஆரு நிப்பாட்டின?

என் மனைவியின் உம்மாவை முதல் ஒன்றரை வருடமும் நான் வெறும் குரலாகத்தான் அறிந்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நான் நிந்தவூரிலிருந்து கல்முனைக்குப் போனேன். வீடு பெண்ணுடையது, வளவு பெண்ணுடையது, கிட்டங்கிக்கு அப்பால் கிடக்கிற இரண்டு ஏக்கர் வயல் பெண்ணின் தாயுடையது. மாப்பிள்ளைக்கு மிஞ்சுவது மரியாதை. அதில் மட்டும் குறை வைக்க மாட்டார்கள். மாமியார் மருமகனின் முன்னால் வந்து நிற்காமலும் நேரே பேசாமலும் இருப்பது அந்த மரியாதையில் ஒரு பங்கு. இப்போது எத்தனையோ வீடுகளில் இதைக் கைவிட்டுவிட்டார்கள். என் மாமி கைவிடவில்லை. குசினி வாசலில் நீலத் திரைச்சீலை ஒன்று தொங்கும். நான் சாப்பிட உட்கார்ந்தால் அதன் பின்னாலிருந்து, "இன்னும் ரெண்டு கணவாத் துண்டு வைங்க மகள், வெக்கத்துல சாப்பிடாம இரிக்கார்" என்று குரல் வரும். நான் வெட்கத்தில் இல்லை, வயிறு முட்டிப்போய் இருந்தேன். அதைச் சொல்வதற்கும் மனைவியைத்தான் பிடிக்க வேண்டும்.

அதே குரல் பின்வளவில் வேறு மாதிரி இருக்கும். அங்கே ஒரு தகரக் கொட்டில். அதற்குள் ஓடாத வோட்டர் பம்ப் எஞ்சின் இரண்டோ மூன்றோ எப்போதும் கிடக்கும். மாமா கட்டாரில் சாரதி வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுப் போவார். அவர் வாங்கி வைத்துவிட்டுப் போன எஞ்சினை ஓட்டவும், அது படுத்தால் எழுப்பவும் மாமியைத் தவிர வீட்டில் ஆளில்லை. ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள் மெக்கானிக்கைக் கூப்பிட அவருக்கு மனமில்லை. ஒரு நாள் குசினித் தரையில் பழைய பன்பாய் ஒன்றை விரித்து எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட்டார். கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொன்றையும் பாயில் வரிசையாக வைத்துத் துடைத்து, பின்னாலிருந்து முன்னாலே பூட்டிக்கொண்டு வந்தார். ஓடியது. அடுத்த மாதம் பக்கத்து வளவு எஞ்சின் வந்தது. நான் மாப்பிள்ளையாகப் போன காலத்தில் நற்பிட்டிமுனையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஓட்டோவில் எஞ்சின் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

என் கூட்டாளிகளின் மாமியார்களும் நல்ல மனிதர்கள்தான். வட்டிலப்பம் அவிப்பார்கள், பெருநாளைக்குச் சாரமும் சேட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். எஞ்சின் எழுப்புகிற மாமி என்னிடம் மட்டும்தான் இருந்தார். ஆசிரியர் அறையில் இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும்.

எஞ்சின் கொண்டுவருபவர் பக்கக் கதவருகில் நிற்க வேண்டும். மாமி முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டு வருவார். எஞ்சினைப் பார்க்க மாட்டார். ஆளைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"கடைசியா ஆரு நிப்பாட்டின?"

வந்தவர் வேறு கதையோடு வந்திருப்பார். எத்தனை தடவை கயிறு இழுத்தார், எந்தெந்தக் கடையில் காட்டினார், தோள் எப்படி நோகிறது என்றெல்லாம் சொல்லத் தொடங்குவார். மாமி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவருக்குத் தேவை, எஞ்சின் கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது, அன்றைக்கு அதை நிறுத்தியது யார், எப்படி நிறுத்தினார், பிறகு எங்கே வைத்தார் என்பதுதான். "நோவு வந்த பொறகு நடந்த கதை எனக்கு வேணாம். வாறதுக்கு முதல் நடந்தத சொல்லுங்க" என்பார். அதற்கு ஒழுங்கான பதில் வரும்வரை ப்ளக் சாவியைக் கையில் எடுக்க மாட்டார். எஞ்சின் தன்பாட்டில் பழுதாகாது, யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்திருப்பார் அல்லது செய்யாமல் விட்டிருப்பார் என்பது அவருடைய தீர்மானம். அதில் அவரை யாராலும் அசைக்க முடியாது.

பதில் கிடைத்த பிறகும் அவசரப்பட மாட்டார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவார். ப்ளக்கை மாற்றினால் ஒரு தடவை கயிறு இழுப்பார். ஓடாவிட்டால் பழைய ப்ளக்கைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது சரி வந்தது என்று தெரியாமல் போய்விடும் என்பார். வேலை முடிந்து, பின்னேர அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுக்குமுன் சவர்க்காரத் தூள் போட்டு விரல்களைத் தேய்ப்பார். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு மிஞ்சினால் தண்ணீர் தோலில் படாது, வுளூ கூடாது என்று மறுபடியும் தேய்ப்பார். கிணற்றடியில் அந்தத் தேய்ப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கு ஓர் எஞ்சின் எழும்பிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

சொறிக்கல்முனையிலிருந்து ஒருவர் வந்தார். மிளகாய்த் தோட்டக்காரர். புது ப்ளக், புதுக் கயிறு, இரண்டு கடையில் காபரேட்டர் கழுவியாயிற்று, ஆனால் எஞ்சின் உயிர் காட்டவில்லை. எல்லாரும் எஞ்சின் செத்துப்போச்சு என்கிறார்கள் என்றார். மாமி வழக்கமான கேள்வியைக் கேட்டார். கடைசியாக நிறுத்தியது அவர்தான், ஒழுங்காகத்தான் நிறுத்தினார். பிறகு எங்கே வைத்தார்? மாட்டுக் கொட்டிலின் கூரை இறப்புக்குக் கீழே. எத்தனை நாள்? நான்கு மாதம். மாமி விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். சைலன்சர் குழாய்க்குள் விட்டுக் குடைந்தார். காய்ந்த களிமண் பொலபொலவென்று கொட்டியது. குளவி கூடு கட்டியிருந்தது. புகை வெளியே போக வழியில்லாமல் எஞ்சின் மூச்சடைத்துக் கிடந்திருக்கிறது. ஒரே இழுப்பு, ஓடியது. அந்த மனிதர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். நான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைத் தட்டாத குறை.

இதை மட்டும் சொன்னால் மாமி ஏதோ எல்லாம் தெரிந்த மனுசி என்று நினைத்துவிடுவீர்கள். காரைதீவுக்காரரின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய எஞ்சினை மாமி திருத்திக் கொடுத்து ஒரு கிழமையில் அது திரும்பி வந்தது. மாமி விசாரித்தார். தான் ஒன்றும் செய்யவில்லை என்றார் அவர். மாமி நம்பவில்லை. "ஒண்டுமே செய்யாம இப்புடி வராது" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் முகம் கறுத்துப் போனார். மறுநாள் எஞ்சினைத் திறந்த மாமி கொட்டிலுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைசித் தடவை தான் பூட்டும்போது ஒரு திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கி, உள்ளே இருந்த கடதாசி வளையம் கிழிந்திருந்தது.

பத்து மணிக்கு ஓட்டோ பிடித்தார். என் மனைவியையும் கூட்டிக்கொண்டு, திருத்திய எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு காரைதீவுக்குப் போனார். அந்த மனிதரின் மனைவியும் பிள்ளைகளும் அயல்வீட்டுப் பெண்களும் நிற்கும்போது, "கடைசியா இதத் தொட்டது நான். பிழை என்ட. உங்கட ஆளுல இல்ல" என்று சொன்னாராம். அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தார்கள். என் மனைவி இதை எனக்குச் சொன்னபோது அவளுடைய குரலில் ஒரு வெட்கம் இருந்தது. எனக்கு வெட்கமாக இல்லை. என் வாழ்நாளில் எத்தனையோ அதிபர்களையும் அதிகாரிகளையும் கண்டிருக்கிறேன். தன் பிழையைச் சொல்ல ஓட்டோ பிடித்துப் போன ஆளை வேறு காணவில்லை. மாமி மௌத்தாகி இப்போது ஐந்து வருடம். ஜனாஸா எடுத்து அடக்கிய அன்று அந்தக் காரைதீவு மனிதர் வெயிலில் எங்கள் வீட்டு ஒழுங்கை தெருவில் சேரும் முகப்பில் கடைசி வரைக்கும் நின்றார்.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மகளுக்கு எட்டு மாதம். மாரிப் போகம் தொடங்குகிற நேரம். அதுவரை வயலைக் குத்தகைக்கு விட்டிருந்த மாமி, இந்தப் போகம் மருமகன் செய்யட்டும் என்று மனைவி மூலம் அறிவித்தார். பெண்ணின் தாய் தன் வயலை மருமகன் கையில் கொடுப்பது சின்ன விஷயமில்லை. விளைந்தால் வீட்டுக்குப் பெயர். விளையாவிட்டால் ஊருக்கு ஒரு வருடத்துக்குப் போதுமான சிரிப்பு. நான் விஞ்ஞான ஆசிரியர். உள்ளெடுத்தல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்று நான்கடிப்பு எஞ்சினைக் கரும்பலகையில் அழகாகக் கீறிக் கற்பித்தவன். மாமியின் எஞ்சினை வயலுக்குக் கொண்டுபோகும்போது அதை எப்படிக் கையாள்வது என்று அவர் மனைவியிடம் சொல்லி அனுப்பியவற்றை நான் பாதிதான் காதில் போட்டேன். தெரிந்த விஷயம்தானே.

அந்த எஞ்சினுக்கு இரண்டு எண்ணெய். பெற்றோலில் எழும்பும். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் காபரேட்டரின் அடிக்கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தேங்கி நிற்கும். ஆறிப்போன எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பவே எழும்பாது. எங்கள் பக்கத்தில் பம்ப் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். எல்லாரும் ஒரு நாளாவது இந்தப் பிழையைச் செய்தும் இருப்பார்கள்.

முளை நெல் விதைத்த மறுநாள் மழை பிடித்தது. விதைத்த நெல் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும். வடிச்சல் வாய்க்காலும் நிரம்பி நின்றதால் வயல் தண்ணீர் தானாக இறங்க வழியில்லை. வரம்பை உயர்த்திக் கட்டி, எஞ்சினால் இறைத்து வெளியே ஊற்ற வேண்டும். இரண்டாம் நாள் பகல் முழுவதும் ஊற்றினேன். அரைவாசி இறங்கியது. பொழுதுபடும் நேரம், மஃரிபுக்கு முன் வானம் மறுபடி கறுத்து வந்தது. கிட்டங்கிப் பாதைக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் வீட்டுக்குப் போக முடியாது என்ற பயத்தில், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் சுவிச்சை அப்படியே தட்டிவிட்டு, வயல் குடிசையான வாடிக்குள் தூக்கி வைத்து மூடிவிட்டு ஓடிவந்தேன். பெற்றோலுக்கு மாற்றவில்லை. சுவிச்சைத் தட்டும்போதே அது நினைவுக்கு வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இரவு பெய்த மழையில் இறைத்த தண்ணீரெல்லாம் திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாதையில் வெள்ளம் ஓடியது. வயலுக்குப் போன உழவு மிஷின் ஒன்றின் பின்பெட்டியில் தொற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இறங்கினேன். அது என்னை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டது. பெற்றோல் பக்கம் திருகை மாற்றிவிட்டுக் கயிறு இழுத்தேன். எஞ்சின் கிணுகிணுத்ததே தவிர எழும்பவில்லை. முப்பது தடவை இழுத்திருப்பேன். அடுத்த வயல்காரர் ஒரு நடுவயதுக்காரர், அண்ணன் முறையில் நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், மண்வெட்டியோடு வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வயல் மேட்டில், தண்ணீர் தங்கவில்லை. "வாத்தியார், புத்தகத்துல என்ன போட்டிரிக்கி?" என்று கேட்டார். நான் மறுபடியும் கயிற்றை இழுத்தேன்.

மனைவி தாதி. அன்று காலை வேலையில் நின்றாள், கைபேசி எடுக்க மாட்டாள். வீட்டில் மாமியும் குழந்தையும்தான். வேறு வழியில்லாமல் மாமியின் கைபேசிக்கு அடித்தேன். எடுத்தார். நான் ஸலாம் சொன்னேன். மெல்லிய குரலில் பதில் ஸலாம் வந்தது. அதற்குப் பிறகு குரல் தெளிவாகக் கேட்டது, ஆனால் என்னிடம் இல்லை.

"வாப்பா எடுக்கார் மகள். என்னவாம் எண்டு கேளுங்க."

இடுப்பில் இருந்த எட்டு மாதக் குழந்தையிடம் கேட்கிறார். நடுவில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் பேசத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும் என்று எந்த வழக்கத்திலும் சொல்லவில்லை. குழந்தை ஏதோ சத்தம் போட்டது. நானும் வேறு வழியில்லாமல் மகளிடமே சொன்னேன். எஞ்சின் எழும்பவில்லை மகள், வயல் முழுக்கத் தண்ணீர், இன்றைக்குள் இறைக்காவிட்டால் நெல் போய்விடும் என்றேன்.

"கடைசியா ஆரு நிப்பாட்டின எண்டு கேளுங்க."

நான்தான் என்றேன்.

"எந்த எண்ணையில நிப்பாட்டினாராம்?"

காக்கா பக்கத்தில் நிற்கிறார். நான் விஞ்ஞான ஆசிரியர். பாதி கேட்டுப் பாதி கேட்காமல் விட்ட புத்திமதி அந்த நேரத்தில் முழுவதுமாக நினைவுக்கு வந்தது. "பெற்றோல்லதான் மகள்" என்றேன். என் பிள்ளையிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

மாமி ஒழுங்காகத் தொடங்கினார். தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா, திருகு திறந்திருக்கிறதா, சுவிச்சு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாக மகளிடம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்னால், "வாப்பா கெதியாச் சொல்லிட்டார், இன்னொருக்காப் பாக்கட்டும்" என்று வரும். ப்ளக்கைக் கழற்றச் சொன்னார். நனைந்திருந்தது. அப்படியென்றால் எண்ணெய் வருகிறது. ப்ளக்கை வயரில் கொழுவி இரும்பில் பிடித்துக்கொண்டு கயிறு இழுக்கச் சொன்னார். நீலப்பொறி பறந்தது. என் ஈரக் கையிலும் ஓர் அடி விழுந்தது. காக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். ப்ளக் இருந்த ஓட்டையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு இழுக்கச் சொன்னார். காற்று விரலைத் தள்ளியது. காற்று வடியைக் கழற்றிப் பார்த்தேன், அதுவும் சுத்தம்.

மாமி பார்த்தவற்றையெல்லாம் மகளுக்கு எண்ணிச் சொன்னார்.

"எண்ண வருது, பொறி வருது, காத்து இரிக்கி, தள்ளும் இரிக்கி. வாப்பா சொன்னதெல்லாம் மெய்யெண்டா அது ஓடணும் மகள். ஓடல்ல. அந்தப் ப்ளக்க மணந்து பாக்கச் சொல்லுங்க."

மணந்து பார்க்க வேண்டியதில்லை. கையில் பிடித்தபோதே மணத்தது. குப்பி விளக்கு மணம், அசல் மண்ணெண்ணெய். வயலைப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அடியில் மாமியின் விதை நெல். வானம் இன்னும் வெளிக்கவில்லை. மணக்கவில்லை என்று இன்னொரு பொய் சொன்னால் என் மானம் இன்றைக்குத் தப்பும், நெல் தப்பாது. இதற்குக் கூட நான் கொஞ்சம் யோசித்தேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

"மண்ணெண்ணெயிலதான் நிப்பாட்டினேன் மாமி" என்றேன். "மறந்து போகல்ல. மாத்தணும் எண்டு தெரியும். மழைக்குப் பயந்து விட்டுட்டு வந்த. முதல்ல பொய் சொன்ன."

மகளிடம் சொல்லவில்லை, மாமி என்று நேரே சொல்லிவிட்டேன். காக்காவுக்கும் கேட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. மாமி அழைப்பை அறுத்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை.

"மருமகன்" என்றார்.

அந்தப் பதில் ஸலாமை விட்டால், ஒன்றரை வருடத்தில் அந்த வாயிலிருந்து என்னை நோக்கி வந்த முதற் சொல்.

"காபரேட்டருக்கு அடியில ஒரு சின்ன ஆணி இரிக்கி. கழட்டி, கிண்ணத்துல கிடக்கிற எல்லாத்தயும் கொட்டுங்க. பெற்றோல் மணம் வரு மட்டும் ஒழுக உடுங்க. பொறகு ஆணியப் பூட்டிட்டு, ப்ளக் இல்லாம அஞ்சாறு தரம் கயித்த இழுங்க, உள்ளுக்கு இரிக்கிற ஈரம் வெளியாகட்டும். ப்ளக்கத் துடைச்சி நெருப்புல காட்டி, சூட்டோட பூட்டுங்க. பிஸ்மில்லா சொல்லி இழுங்க."

ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. காக்காவிடம் லைட்டர் இருந்தது. நெருப்பை அவர் பிடிக்க நான் ப்ளக்கைக் காட்டினேன். சோக்கை மூடி, பிஸ்மில்லா சொல்லி இழுத்தேன். ஒரு இருமல். இரண்டாம் இழுப்பு. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. கைபேசியை அதன் பக்கம் நீட்டினேன். திரும்பக் காதில் வைத்தபோது, "கேக்குது, கேக்குது. போன வெச்சிட்டு தண்ணியப் பாருங்க" என்றார்.

மழை வரவில்லை. அஸர் தாண்டும்வரை எஞ்சின் நிற்காமல் ஓடியது. பின்னேரம் சேற்றின் முதுகு தெரிந்தது. அதில் நெல் முளை வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். அழுகவில்லை. அன்று எஞ்சினைப் பெற்றோலுக்கு மாற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். இரண்டு நிமிடம் போதும் என்று காக்கா சொல்லிக்கொண்டே நின்றார்.

பன்னிரண்டாம் நாள் மாமி வயல் பார்க்க வந்தார். வெள்ளம் வடிந்து பாதை திறந்துவிட்டது. ஓட்டோவில் மனைவி, மடியில் குழந்தை, ஓரத்தில் மாமி. வயல் பச்சைப் பாயாகக் கிடந்தது. பள்ளமான மூலையில் மட்டும் பயிரில்லாமல் கொஞ்சம் வெளிப்பு. மாமி வரம்பில் நடந்து போய் அந்த மூலையைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அயல் வயல்களில் பசளை எறிந்துகொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். காக்கா நல்ல மனிதர். என் மானத்தைக் காப்பாற்ற நினைத்தார். வாத்தியார் கெட்டிக்காரன், ஓடாத எஞ்சினைத் திருத்தி வயலைக் காப்பாற்றிவிட்டார், நல்ல மருமகன் கிடைத்திருக்கிறார் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் தலையைக் குனிந்தேன். மறுக்கவும் இல்லை. கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். இத்தனை ஆண்களுக்கு முன்னால் அவர் வாய் திறப்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

"மிஷின திருத்தின நான்" என்றார். "அத பழுதாக்கினது இவர்."

காக்கா என்னைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். மனைவி குழந்தையின் தொப்பியைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"இருவது வருஷமா என்ட வாசலுக்கு மிஷின் வருது. கொண்டு வாற ஆம்புளையெல்லாம் எனக்குச் சொல்றது, நான் ஒண்டும் செய்யல்ல, அதுபாட்டுக்கு நிண்டுட்டு. நான் செஞ்ச பிழைதான், நான் பொய்யும் சொன்ன எண்டு வாயால சொன்னது என்ட மருமகன் ஒராள்தான். அது சொல்லாட்டி எனக்குத் திருத்த ஏலா. இந்த வயல் இண்டைக்கு இல்ல."

சொல்லிவிட்டு ஓட்டோவை நோக்கி நடந்தார். வரம்பில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். என் காது இரண்டும் சூடேறி எரிந்தது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அவருக்குப் பின்னால் நடந்தேன். அந்தப் பச்சையில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அது என்ன பங்கு என்பது இப்போது அந்த வயல் வட்டை முழுவதற்கும் தெரியும்.